தூக்கி எறிந்த பதினோரு புள்ளிகள்

“மேடம், இந்த சாட்டிலைட்டை நம்பாதீங்க. புளுகுது” என்றார் தேவசகாயம்.

முப்பது வருஷம் நிலம் அளந்து ஓய்வு பெற்ற சர்வேயர். சொந்தத் தம்பி பிடித்த அளவுச் சங்கிலியையே மறுபடி இழுத்துப் பார்த்த ஆள். இப்போது மகள் வயதுள்ள நஸீமாவிடம், வானத்துப் படங்களிலிருந்து மலையின் உயரத்தைக் கணக்கிடப் பாடம் கேட்க வந்திருந்தார்.

ஒரே மலை, இரண்டு கோணம், இரண்டு படம். ஒன்று பெருமழைக்கு முன்னால் எடுத்தது, மற்றது பின்னால். மேலே கேமராவின் பார்வை மயிரிழை விலகினாலும் கீழே பல மீட்டர் தப்பிவிடும். அதனால் அதே பாறை, அதே சுவர் முனை என்று இரண்டிலும் புள்ளி குறித்து, அவை பொருந்தும்வரை கேமராவின் கோணத்தைத் திருத்த வேண்டும்.

மலையடியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள். அந்தச் சனம் மண்சரிவுக்குப் பயந்து முகாமில் இருந்தது. வீடு திரும்பலாமா என்று கலெக்டர் ஆபீஸ் கேட்டிருந்தது.

‘மலை பத்திரம்’ என்று தேவசகாயம் காலையிலேயே அவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

“எத்தனை புள்ளி வச்சீங்க, சார்?”

“அறுபது. நாற்பத்தொன்பது அச்சு அசலாப் பொருந்திருச்சு.”

“மீதி?”

“பதினொண்ணும் திருட்டுப் புள்ளி. எப்படித் திருப்பினாலும் ஒட்டல. தூக்கி எறிஞ்சுட்டேன். இப்ப பிழையே இல்ல.”

நஸீமா அவருடைய திரையைத் தன் பக்கம் திருப்பினாள்.

சின்னப் பெண் தன்னைச் சோதிக்கிறாள் என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “என் வேலை மேல சந்தேகமா?”

“இல்ல சார். உங்களுக்குத்தான் சந்தேகம் பத்தல.”

“எனக்கா!”

“எறிஞ்சதையெல்லாம் எடுங்க. படத்து மேல வைங்க.”

முணுமுணுத்துக்கொண்டே வைத்தார். முதலாவது, லைன் வீடுகளுக்கு மேலே இருந்த ஒரு பாறை. இரண்டாவது, அதை ஒட்டிய மரம். மூன்றாவதும் பக்கத்திலேயே.

ஐந்தாவதில் அவர் கை தயங்கியது.

பதினொன்றும் ஒரே சரிவில் இருந்தன. பதினொன்றும் ஒரே பக்கம் விலகியிருந்தன. கீழ்ப்பக்கம்.

“கேமரா தப்பாப் பார்த்திருந்தா அறுபதுமே விலகியிருக்கணும்...” என்று ஆரம்பித்தார். “அப்ப நகர்ந்தது மலை!”

நஸீமா மேஜையில் இருந்த போனை அவர் பக்கம் தள்ளினாள். அதற்குள் அதுவே அடித்தது. முகாமிலிருந்து.

“சார், சனம் எல்லாம் ஏறியாச்சு. லாரியைக் கிளப்பலாமா?”

“இறக்குங்க” என்று கத்தினார் தேவசகாயம். “எல்லாரையும் இறக்குங்க!”