ஊறுகாய் ஜீன் போட்ட சம்பா

வைரக்கண்ணு அண்ணன் முன்னொரு காலத்தில் ஒரு நெல் ஆராய்ச்சிப் பண்ணையில் தண்ணீர் பாய்ச்சும் வேலை பார்த்தவர். மொத்தம் மூன்று மாதம். அந்த மூன்று மாதத்தில் விஞ்ஞானிகள் அவரிடம் என்னென்ன கற்றுக்கொண்டார்கள் என்பதைக் கேட்காத காது வலங்கைமான் பக்கத்தில் இல்லை. என் உரக்கடை பெஞ்சுதான் அவருக்கு மேடை.

அன்றைக்கு மார்கழிப் பனி ஒன்பது மணிக்கும் விலகவில்லை. தனபாக்கியம் வந்தாள். அவளுடைய இரண்டு ஏக்கர் குத்தகைச் சம்பாவும் அண்ணனுடைய இரண்டு ஏக்கரும் ஒரே வரப்புக்கு அந்தப்பக்கம் இந்தப்பக்கம். அவள் பயிரில் குலைநோய். அது ஒரு வகைப் பூசணம், காற்றிலேயே பரவும். ஒரு தடவை மருந்து அடித்தாள், அடங்கினது. பத்தே நாளில் பக்கத்து வயலிலிருந்து திரும்ப வந்துவிட்டது. கதிர் வருகிற நேரம் வேறு. கதிரின் கழுத்தில் நோய் இறங்கினால் மிஞ்சுவது பதர்.

அண்ணன் மருந்து அடித்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அவர் பயிர் ஊரிலேயே கரும்பச்சையாக நிற்க வேண்டும் என்று மூட்டை மூட்டையாக யூரியாவைக் கொட்டி, போகிற வருகிறவரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டியவர். யூரியா கூடினால் குலைநோய்க்குத் தலைதீபாவளி விருந்து. இப்போது மருந்து அடித்தால் அந்தப் பெருமை என்ன ஆவது?

"அண்ணே, உங்க வயல்லயும் மருந்து அடிச்சிருங்க," என்றாள் தனபாக்கியம்.

"என் நெல்லுக்கு எதுக்குத் தங்கச்சி மருந்து? அது ஜீனை மாத்துன நெல்லு."

கடையில் இருந்தவர்கள் வசதியாக உட்கார்ந்துகொண்டார்கள். நானும் கணக்கு நோட்டை மூடினேன்.

பண்ணையில் பன்னிரண்டு வருஷமாகப் பூசணத்தை எதிர்க்கிற ஜீனைத் தேடி மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்களாம். மத்தியானம் அண்ணன் தூக்குவாளியைத் திறந்தாராம். உள்ளே ஒன்பது வருஷத்து எலுமிச்சங்காய் ஊறுகாய், பொட்டுப் பூசணம் இல்லை. 'இதை வச்சுக்கிட்டா உலகம் பூரா தேடுறீங்க?' என்று ஒரு வார்த்தைதான் கேட்டாராம். பெரிய விஞ்ஞானி எழுந்து நின்று கும்பிட்டாராம். அண்ணன் ஊறுகாய்த் தோலிலிருந்து ஜீனை ஓர் ஊக்கால் நெம்பி எடுத்து நெல்லுக்குள் குத்திவிட்டாராம்.

டிராக்டர் ஓட்டும் சவரிமுத்து, மைக்ராஸ்கோப் வேண்டாமா என்று கேட்டான். பார்வை குறைந்தவர்களுக்குத்தான் அது என்று சொல்லிவிட்டார்.

அந்த நெல்லைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து விதைத்தாராம். காற்றில் வருகிற பூசணம் அவர் வரப்பைக் கண்டதும் அப்படியே மன்னார்குடிப் பக்கம் திரும்பிவிடுகிறதாம். களை எடுக்க இறங்கிய பெண்களுக்குக் காலில் இருந்த சேற்றுப்புண் அன்றைக்கே ஆறிவிட்டதாம். ஒற்றைக் காலை மட்டும் வைத்த ஒருத்தி, மறுநாள் மற்ற காலுக்காகக் கூலி வாங்காமல் வேலைக்கு வந்தாளாம். அரிசியைப் பொங்கினால் தயிர்ச்சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றும் வேண்டாமாம், ஊறுகாய் உள்ளேயே இருக்கிறதாம்.

"பூசணமே அண்டாதுன்னா அந்த அரிசியில இட்லி மாவு புளிக்குமாண்ணே?" என்றாள் தனபாக்கியம்.

அண்ணன் புளிக்கவில்லைதான் என்று பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார். நாலு நாள் பார்த்துவிட்டு அவர் வீட்டுக்காரி அந்த மாவை எடுத்துக் கொல்லைச் சுவரில் பூசிவிட்டாளாம். மூன்று மழைக்காலம் போயும் அந்தச் சுவரில் பாசி பிடிக்கவில்லையாம்.

எல்லோரும் சிரித்தோம். தனபாக்கியம் சிரிக்கவில்லை. மடியிலிருந்து ஒரு நெல் தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். இலை நெடுக, நடுவில் சாம்பலும் ஓரத்தில் பழுப்புமாகக் கண் கண்ணாகப் புள்ளிகள்.

"இது என் வயல்ல பறிச்சதில்ல. காலையில உங்க வயல்ல பறிச்சேன்."

அண்ணன் தாளை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சவரிமுத்து என்னைப் பார்த்தான். இன்றோடு ஆள் மாட்டினார் என்றுதான் நானும் நினைத்தேன்.

"இது நோய் இல்ல தங்கச்சி," என்றார் நிதானமாக. "ஊர்ல உள்ள பூசணம் பூரா என் நெல்லுகிட்ட சரணடைஞ்சிருக்கு. ஒவ்வொரு புள்ளியும் ஒரு கைதி. வெளிய விட்டா ஊரு தாங்காதேன்னு உள்ள புடிச்சு வச்சிருக்கேன்."

சவரிமுத்து கையே தட்டிவிட்டான். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"உங்க கைதிங்க தெனம் வரப்பைத் தாண்டி என் வயலுக்கு வர்றாங்கண்ணே," என்றாள் அவள். "மூணு நாள்ல கதிர் வந்துரும். அது போச்சுன்னா குத்தகை நெல்லு அளக்க வழியில்ல. அடுத்த சம்பாவுக்கு அந்த வயல் எனக்கு இல்ல."

அவள் என் பக்கம் திரும்பி, நாலு ஏக்கருக்கும் மருந்து கொடுக்கச் சொன்னாள். அண்ணன் வயலுக்கும் தானே ஆள் விட்டு அடித்துக்கொள்கிறாளாம். நான் எடுத்துக் கொடுத்தேன். அண்ணன் ரோட்டில் போகிற பஸ்ஸை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் படி இறங்கும்போதுதான் வாயைத் திறந்தார், முகத்தைத் திருப்பவில்லை.

"மேற்கு மூலையிலேர்ந்து அடிக்கச் சொல்லு தங்கச்சி. அங்கதான் கைதிங்க ஜாஸ்தி."