கலங்காத ரத்தம்

தன் விரலைத் தானே குத்தி, சொந்த ரத்தத்தைச் சோதனைக் குழாயில் விட்ட மெஹருன்னிசாவை, சிவப்பு மை கொண்டுவந்த கள்ளி என்று வகுப்பின் முன்னால் சொல்லிவிட்டார் செய்முறை ஆசிரியர் தாணுமூர்த்தி. நாளைக்குச் செய்முறைத் தேர்வு. அதில் அவள் உட்காரக் கூடாதாம்.

ஊசிக்குப் பயந்த பிள்ளைகள் மையைச் சொட்டி ஒப்பேற்றுவது அந்த ஆய்வுக்கூடத்தில் உண்டுதான். அவள் குழாயும் ரத்தம்போலக் கலங்காமல் மைபோலத் தெளிந்துதான் இருந்தது. அதற்காக?

குழாயும் கையுமாகத் துறைத்தலைவி சலோமியின் அறைக்குள் கதவைத் தட்டாமலே நுழைந்தாள்.

“மேடம், இது மையா? நீங்களே சொல்லுங்க.”

சலோமி குழாயை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். துளிக் கலங்கல் இல்லாத சிவப்பு.

“எதுல கலந்த?”

“காய்ச்சி வடிச்ச தண்ணியில.”

“உப்புக்கரைசல் வச்சிருந்தாங்களே?”

“அந்தக் குப்பி வாயெல்லாம் வெள்ளை வெள்ளையா பூத்துக் கிடந்தது மேடம். அந்த அழுக்கை என் ரத்தத்துல கலப்பேனா? இருக்கிறதுலயே சுத்தமான தண்ணியாப் பார்த்து எடுத்தேன்.”

சலோமி சிரித்தார். எழுந்து ஆய்வுக்கூடத்துக்கு நடந்தார். மெஹர் பின்னாலேயே போனாள். வகுப்பு கலைந்து, சார் மட்டும் இருந்தார்.

“தாணு சார், விரலைக் கொடுங்க.”

“எதுக்கு மேடம்?”

“கொடுங்க.”

புது ஊசியைப் பிரித்துச் சுருக்கென்று குத்தினார். “அம்மா!” என்றார் சார்.

ஒரு சொட்டு உப்புக்கரைசலில். ஒரு சொட்டு வடித்த தண்ணீரில்.

இரண்டு குழாய்களையும் சுவர்க் காலண்டர் முன்னால் பிடித்தார் சலோமி. உப்புக் குழாய் கலங்கலாக நின்றது. பின்னால் ஒன்றும் தெரியவில்லை. மற்றது கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. தேதி, கிழமை, ராகு காலம் எல்லாம் சிவப்பாகத் தெரிந்தன.

சார் அதில் ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்துத் தேடு தேடென்று தேடினார். ஒரு ரத்த அணுகூட இல்லை.

“உங்களுக்கும் மைதான் ஓடுதா சார்?” என்றாள் மெஹர்.

சாருக்குக் காது மடல் சிவந்தது. அவரும் படித்த பாடம்தான். கோபத்தில் மறந்துபோயிருந்தது.

“தண்ணி உள்ள புகுந்து அணுவெல்லாம் வெடிச்சிருக்கு. மன்னிச்சிடும்மா. ஆனா போன வருஷம் சில பேர் மெய்யாவே மை கொண்டுவந்தாங்க, அதான்... நாளைக்குத் தேர்வுக்கு வா.”

அவர் போய்விட்டார். மெஹர் போகவில்லை.

“இது எந்த ஊர் நியாயம் மேடம்? வெடிக்கிற அளவுக்கு ஏன் குடிக்கணும் அந்த அணு? வாயை மூடிக்க வேண்டியதுதானே?”

“அதுக்கு வாய் ஏது? உள்ள உப்பு இருக்கு, வெளிய இல்ல. தண்ணி உப்புப் பக்கம்தான் போகும்.”

“வெளியவும் அதே அளவு உப்பு இருந்தா?”

“போறதும் வர்றதும் சரியாயிடும். அணு பிழைச்சுக்கும்.”

“சரி, அதை விடுங்க. சார் கேட்டது ஒரு மன்னிப்பா? ‘ஆனா’, ‘அதான்’னு எதையெதையோ கலந்து கேட்டார். எனக்குக் கலப்படமே இல்லாத மன்னிப்பு வேணும். இல்லேன்னா நாளைக்குத் தேர்வே எழுத மாட்டேன்.”

சலோமி மேசையிலிருந்த இரண்டு குப்பிகளையும் அவள் முன்னால் நகர்த்தினார்.

“சாரை எதுல போடட்டும்?”

மெஹர் ஒன்றைப் பார்த்தாள். மற்றதைப் பார்த்தாள். வாதாட வாயைத் திறந்தாள், சிரிப்புதான் வந்தது.

“உப்புலயே போடுங்க மேடம். ஆனா வகுப்புக்கு முன்னாடி வச்சுப் போடணும்.”