கறுத்த பாதத்துக்கு யார் காவல்?

திருநெல்வேலியில் ஒரு காலுக்காக இரண்டு பெண்கள் போட்ட சண்டை இது. காலுக்குச் சொந்தக்காரர் சங்கரலிங்கம், சர்க்கரை நோயாளி. சித்திரை மாத உச்சி வெயிலில் கோயில் பிராகாரத்தைச் செருப்பில்லாமல் சுற்றி வந்துவிட்டு, "எல்லாவனும் குதிக்கான், எனக்குச் சூடே தெரியல பாத்தியா!" என்று மனைவி சிவகாமியிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டார். தெரியாமல் போனதற்குக் காரணம் பக்தி இல்லை, பாதத்தில் உணர்ச்சி செத்திருந்ததுதான். உள்ளங்காலில் கொப்புளம் உடைந்து சீழ் வைத்துக் காய்ச்சலும் வந்த பிறகுதான் வீட்டில் இருப்பவர்களுக்கு அது உறைத்தது. சீழ் இன்னும் மேலே ஏறினால் விரல்களை எடுக்க வேண்டியிருக்கும், அதற்கும் அடங்காவிட்டால் பாதத்தையே எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

நர்ஸ் மெர்சி புண்ணைச் சுத்தம் செய்து, சாம்பல் நிறத்தில் ஒரு துணியை வைத்துக் கட்டினாள். "இதுல வெள்ளி இருக்கு. கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பொடிப்பொடியா, நானோ துகளா. கொஞ்சங்கொஞ்சமா வெளிய வந்து கிருமியைக் கொல்லும். வெள்ளிக்கிழமை நானேதான் திறப்பேன். அதுவரைக்கும் தொடக்கூடாது. உப்புத்தண்ணி மட்டும் ஆகவே ஆகாது. வெள்ளி உப்போட ஒட்டிக்கிட்டு வேலை செய்யாம உக்காந்துரும். காய்ச்சல், கெட்ட வாடை, சிவப்பு மேல ஏறுறது, இதுல எது வந்தாலும் உடனே ஓடி வாங்க. அண்ணாச்சி, கேட்டீங்களா?"

"அவகிட்டச் சொல்லுங்க சிஸ்டர்" என்று சங்கரலிங்கம் மனைவியைக் கைகாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் என்றால் சிவகாமி. குக்கர் விசிலுக்கே பொறுமை இல்லாமல் மூடியை முறைக்கிறவள். அவளிடம் போய்ச் சும்மா காத்திரு என்றால்? ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். காலையில் எழுந்ததும் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். குனிந்து கட்டை முகர்ந்து பார்ப்பாள். காய்ச்சல் இல்லை, வாடை இல்லை, கணுக்காலில் சிவப்பும் இல்லை. பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பாள்.

இதற்கு நடுவில் வந்து சேர்ந்தாள் சங்கரலிங்கத்தின் அக்கா உலகம்மாள். தாயில்லாத தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள். அவன் முழங்காலில் சிராய்த்த நாளெல்லாம் உப்புப் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரால் கழுவிவிட்டது அவள் கைதான். இப்போதும் சட்டியோடுதான் வந்தாள்.

"ஏளா சிவகாமி, புண்ணைக் கழுவாம மூடி வச்சிருக்கியே, ஊறுகாயா போடுதே?"

"மதினி, உள்ள வெள்ளி மருந்து இருக்கு. உப்பு படக்கூடாது."

"கண்ணுக்கே தெரியாத வெள்ளியா? அதுக்கும் செய்கூலி, சேதாரம் உண்டோ?"

"உண்டு. நீங்க திறந்தீங்கன்னா மொத்தமும் சேதாரம்தான்."

உலகம்மாள் சட்டியை ஓரமாக வைத்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். சட்டி அங்கேயே இருந்ததைச் சிவகாமி கவனித்திருக்க வேண்டும். மாவு மில் மூடுவதற்குள் போக வேண்டிய அவசரத்தில் கிளம்பிவிட்டாள்.

திரும்பி வந்தால் வீடு திறந்து கிடக்கிறது. கூடம் முழுக்க உப்புத்தண்ணீர், கவிழ்ந்த சட்டி. கட்டிலில் ஆளில்லை. பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்தாள். "அக்கா, அண்ணன் காலு கறுத்துப் போச்சாம்! அவுக அக்கா ஆட்டோவுல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாக."

மாவுத் தூக்குவாளியோடு அப்படியே ஆட்டோவில் ஏறினாள் சிவகாமி. திறக்காதே, தொடாதே என்று காவல் காத்தோமே, உள்ளே காலை அழுகவிட்டா காத்தோம்? நெற்றியும் மூக்கும் சொன்னது பொய்யா? டிரைவர் எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டதற்கு மாவுத் தூக்கையே நீட்டி ஆஸ்பத்திரி வாசலைக் காட்டினாள்.

டிரெஸ்ஸிங் அறையில் மெர்சி துணியை முழுவதும் எடுத்துவிட்டிருந்தாள். புண்ணைச் சுற்றித் தோல் பென்சில் தீட்டியது போல் கறுத்திருந்தது. மெர்சி அழுத்திப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள், பிறகு பெரிதாகச் சிரித்தாள். "அக்கா, இது வெள்ளியோட கறை. தோல்ல படிஞ்சிருக்கு, போகப்போகப் போயிரும். புண்ணைப் பாருங்க!"

நடுவில் சீழ் இல்லை. செக்கச்செவேலென்று புதுச் சதை பூத்திருந்தது. விரலும் தப்பியது, பாதமும் தப்பியது என்றார் டாக்டர். சிவகாமி தூக்கை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மூச்சு திரும்பியதும் முதலில் வந்தது ஏச்சுதான்.

"நீங்க திறக்காம இருந்திருந்தா இந்தப் பதற்றமே இல்லையே மதினி!"

"கழுவலாம்னுதான் ஓரத்தைத் தூக்கினேன், ஒத்துக்கிடுதேன். கறுப்பைப் பாத்ததும் பதறி எந்திரிச்சேன், சட்டி கவுந்துட்டு. ஒரு சொட்டு ஊத்தல. நேரா இங்கதான் தூக்கிட்டு வந்தேன். நிஜமாவே அழுகியிருந்தா? அப்ப நான்தானே காலைக் காப்பாத்தியிருப்பேன்!"

மெர்சி குறுக்கே புகுந்தாள். "கறுக்கும்னு முன்னாலயே சொல்லாதது என் தப்பு. இப்பப் புதுத் துணி வைக்கேன். புண்ணு மூடுற வரைக்கும் கட்டு ஒரே ஆள் பொறுப்புல இருக்கணும். யாரு?"

"நான்" என்றார்கள் இருவரும். சங்கரலிங்கம் மின்விசிறியைப் பார்த்தபடி, "நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்றார்.

சொன்னதை மீறாமல், தினமும் நோட்டம் பார்த்துக் காத்தவள் ஒருத்தி. மீறித் திறந்தாலும், ஆபத்து என்று தோன்றியதும் தன் வைத்தியத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தவள் இன்னொருத்தி. மெர்சியின் இடத்தில் நீங்கள் இருந்தால், அந்தக் காலை யார் பொறுப்பில் விடுவீர்கள்?

விடை: சங்கரலிங்கத்தின் பொறுப்பில். திறந்தது தப்பு, ஓடி வந்தது சரி. காத்தது சரி, சட்டியை அங்கேயே விட்டுப்போனது தப்பு. இரண்டு பெண்களின் கணக்கும் நேராகிவிட்டது. ஆனால் சிவகாமி மில்லுக்குப் போவாள், உலகம்மாள் தன் வீட்டுக்குப் போவாள். காலைவிட்டு நகராதவர் அவர் ஒருவர்தான். உலகம்மாள் கட்டின் ஓரத்தைத் தூக்கியபோது "வேண்டாம்க்கா" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மெர்சியும் பொறுப்பை அவரிடமே கொடுத்தாள். "உங்க கால் அண்ணாச்சி, எதை ஊத்தக்கூடாது, எப்ப ஓடி வரணும், நீங்க சொல்லுங்க" என்றாள். அவர் தப்புத் தப்பாகச் சொன்னார். ஒவ்வொரு தப்பையும் நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் ஒரே குரலில் திருத்தினார்கள்.