க்வெல்

காசிமேட்டில் மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு கேரம் கிளப். அதன் மாஸ்டர் நிலோஃபருக்கு இன்னும் முப்பது வயது ஆகவில்லை. அவளிடம் பாடம் கேட்க வந்த சவரிமுத்துவுக்கோ அறுபது தாண்டிவிட்டது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருந்தால் மனைவி வெங்காயம் உரிக்கச் சொல்கிறாள் என்று கிளப்பில் ஒதுங்கியவர், ஆட்டத்தில் பைத்தியமாகிவிட்டார்.

வாழ்நாளில் அவர் ஒரு கப் வாங்கியதில்லை. பள்ளிக்கூடத்துச் சாக்கு ஓட்டத்தில்கூட இல்லை. அந்த ஏக்கம் உள்ளே கிடந்து அரித்தது. வெளியே சொல்ல வெட்கம்.

நிலோஃபர் ஒரு போட்டிக்காக அமெரிக்கா போனாள். வரும்போது ஒரு சொல்லைக் கொண்டுவந்தாள். போனில் அதைச் சொல்லி அவள் சிரித்தது சவரிமுத்துவின் காதில் விழுந்துவிட்டது.

"க்வெல்லுன்னா இன்னா மாஸ்டர்?"

"இத்திஷ் மொழி அங்கிள். ஐரோப்பாவுல யூதருங்க வீட்டுல பேசுனது. அவங்களோட கப்பலேறி அமெரிக்கா போயி இங்கிலீஷுல கலந்துடுச்சு."

"அர்த்தம்?"

"நான் தங்குன வீட்டுல ரூத்துன்னு ஒரு அம்மா. அவங்க தங்கச்சி பையன் ஸ்கூல் நாடகத்துல மரமா நின்னான். டயலாக்கே கிடையாது. ஒரு வாரம் ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னாங்க. இன்னாம்மா இதுன்னு கேட்டா, 'க்வெல் பண்றேன்'னாங்க."

"மரமா நின்னதுக்கா?"

"அதுக்குத்தான்."

சவரிமுத்து யோசித்தார். "பெருமைப்படறதா?"

"அதுல பாதி. அதே ரூத்தம்மாவுக்கு கேக் போட்டியில முதல் பரிசு வந்துச்சு. ரிப்பனை அலமாரியில போட்டுட்டுப் பாத்திரம் கழுவப் போயிட்டாங்க. அன்னிக்கு அந்தச் சொல்லைச் சொல்லவேயில்ல."

"அப்போ மீதிப் பாதி?"

"ஆடுங்க அங்கிள்" என்றாள் அவள். பதில் அவ்வளவுதான்.

கிளப்பின் வருடாந்தரப் போட்டி வந்தது. கோப்பை எப்போதும் நிலோஃபருக்குத்தான். ஊரே அதை எழுதாத சட்டமாக வைத்திருந்தது. இந்த முறை இறுதி ஆட்டத்தில் அவளுக்கு எதிரே சிலுவை போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர் சவரிமுத்து.

விட்டுக்கொடுக்காமல்தான் ஆடினார். கடைசி போர்டில் சிவப்புக் காயான ரெட்டையும் போட்டுவிட்டார். ரெட் கணக்கில் சேர, ஃபாலோவாக உடனே போட வேண்டிய வெள்ளைக் காய் குழியின் வாயில் காத்திருந்தது. போட்டால் கப் அவருக்கு. விட்டால் ரெட் நடுவுக்குத் திரும்பும். அப்புறம் நிலோஃபர் ஆட்டத்தை முடித்துவிடுவாள்.

அங்கேதான் அவர் கை நின்றது.

லீவர் இழுத்து இழுத்து மரத்துப்போன கை அது. தினமும் வெந்நீரில் வைக்கச் சொல்லி, நடுவிரலைத் தனியாக மடக்கப் பழக்கி, அதை ஆட்டக்காரனின் கையாக்கியவள் எதிரே இருந்தாள். 'இவ குடுத்த விரலால இவளையே அடிக்கிறதா? நல்லா இருக்குமா?' அவர் மனசு கேட்கவில்லை. மெல்ல நடுவிரலை எடுத்துவிட்டு, பழைய முரட்டுப் பழக்கப்படி ஆள்காட்டி விரலை ஸ்ட்ரைக்கரின் பின்னால் வைத்தார். அந்த விரலால் அவருக்கு எதுவும் விழாது. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

நிலோஃபரின் முகம் சிவந்தது.

"அங்கிள், அது நான் கத்துக்குடுத்த விரல் இல்ல."

அம்பயர் தேவசகாயம் பதறினார். "மாஸ்டர், எதிராளிகிட்ட பேசுனா ஒரு காய் திரும்ப வைக்கணும். நீங்க போட்ட ரூல்தானே!"

நிலோஃபர் தான் போட்டிருந்த காய்களில் ஒன்றை எடுத்து நடுவில் வைத்தாள்.

"விரலை மாத்துங்க அங்கிள்."

"இன்னொரு காய், மாஸ்டர்."

"எத்தினி வேணும்னாலும் வெச்சுக்கோங்க. ஜெயிக்கறதோ தோக்கறதோ, நான் கத்துக்குடுத்த விரலால ஆடச் சொல்லுங்க."

சவரிமுத்துவுக்குக் காது மடல் சுட்டது. அவமானம்தான். அது தணிந்ததும் ஆள்காட்டி விரலை எடுத்தார். நடுவிரலை மடக்கினார். சுண்டினார்.

டொக்.

கிளப்பே கூரை பிய்ந்துபோகக் கத்தியது. யாரோ அவரைத் தோளில் ஏற்றினார்கள், யாரோ கன்னத்தில் போர்டில் தூவும் போரிக் பவுடரை அப்பினார்கள். கப் கைக்கு வந்தது. எத்தனை வருடத்துக் கனம் அது! சந்தோஷத்தில் அவருக்கு மூச்சே முட்டியது. கீழே இறங்கி மாஸ்டரைத் தேடினார். காணோம்.

எங்கேயோ போய் அழுகிறாள் என்று நினைத்தார். கப்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்.

அவள் டீக்கடையில் நின்று, வடை தின்றுகொண்டிருந்த ஒருவரின் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள்.

"கிரேன் இழுத்த விரலுங்க அது! அதால ஒரே சுண்டு! ரெட்டுக்கு ஃபாலோ!"

"நீ ஜெயிச்சுட்டியாம்மா?"

"நான் தோத்துட்டேங்க!" என்று கத்திவிட்டு ஆட்டோ ஸ்டாண்டுக்குப் பாய்ந்தாள். அங்கேயும் அதே கதை. அடுத்தது பஸ்ஸுக்கு நின்ற, கேரம் என்றால் என்னவென்றே தெரியாத ஒரு தம்பதி. தொண்டை கட்டிப்போயிருந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. முகம் முழுக்கச் சிரிப்பு.

சவரிமுத்து மூச்சு வாங்க அவளைப் பிடித்தார்.

"மாஸ்டர்... அந்தச் சொல்லு. மீதிப் பாதி நீங்க சொல்லவேயில்லையே?"

"இப்ப அதுக்கெல்லாம் நேரம் இல்ல அங்கிள்" என்றாள் நிலோஃபர். "கப்பை நல்லாத் தூக்கிப் புடிச்சிக்கினு வாங்க. மீன் மார்க்கெட்ல இன்னும் யாருக்கும் விஷயம் தெரியாது."