வயிறு பேச்ச நிறுத்துன அன்னிக்கு

அந்தக் காலத்துல ஆடு, மாடு, நாய், நரி எல்லாம் பேசும்னு உங்களுக்குத் தெரியும். வயிறும் பேசுச்சுங்கிறத யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க.

ஒவ்வொரு உசுரோட வயித்துக்குள்ளயும் ஒரு தீ இருந்துச்சு. அடுப்புத் தீ மாதிரி. போட்டத அது வேகவைக்கும். வெந்துச்சா வேகலையான்னு வாய்விட்டுச் சொல்லவும் செய்யும். அதனால திங்கிறதுக்கு முன்னால எல்லாரும் குனிஞ்சு, "முன்ன தின்னது செரிச்சாச்சா?"ன்னு ஒரு வார்த்தை கேப்பாங்க. "ஆச்சு"ன்னு வந்தா திங்கலாம். "இன்னும் இல்ல"ன்னு வந்தா வாயத் தொடச்சுக்கிட்டு எந்திரிச்சிரணும். யானையும் கேக்கும், எறும்பும் கேக்கும். வைத்தியர்னு ஒரு ஆளு அப்பக் கெடையாது. இருந்திருந்தாலும் பட்டினி கெடந்திருப்பாரு.

இதுலருந்து இன்னொரு வழக்கமும் வந்துச்சு. ஒருத்தன் இருக்கானா போயிட்டானான்னு பாக்க மூக்குல விரல வைக்க மாட்டாங்க. வயித்துல காத வச்சுக் கேப்பாங்க. பதில் வந்தா இருக்கான். வரலைன்னா குழி வெட்டிர வேண்டியதுதான்.

மலையடிவாரத்துல மாடத்தின்னு ஒருத்தி ஆட்டுக்கிடை போட்டிருந்தா. அவ புருசன் பலவேசம். கிடைக்குக் காவல் செவலைன்னு ஒரு நாயி. நல்ல காவக்காரன்தான். வாய்தான் கொஞ்சம் நீளம். கிடையிலயே வயசான ஆடு புள்ளிச்சி. அவள மதினின்னு மொறை வச்சுக் கூப்புட்டுக் கேலி பண்ணலைன்னா செவலைக்குப் பொழுது போகாது.

"ஏ மதினி, காலைல தின்னத இன்னுமா மெல்லுத? உள்ள போனதத் திரும்ப வாய்க்குக் கொண்டாந்து திங்கியே, கூச்சமா இல்ல ஒனக்கு?"

"எங்க அடுப்பு சின்னது கொழுந்தனாரே. வெறகப் பொடிசாத்தான் போடணும்."

"எங்க அடுப்புல கல்லப் போட்டாலும் வேகும். ஒண்ணு சொல்லுதேன் கேட்டுக்க. எம் பல்லுல என்னிக்காவது புல்லு பட்டா, அன்னிக்கு எம்பேரு செவலை இல்ல."

கிடை முழுக்கக் கேக்குற மாதிரிதான் சொன்னான். அதுதான் பின்னால வினையாப் போச்சு.

மாடத்தி மகளுக்குக் கல்யாணம் முடிஞ்சு மறுவீட்டு விருந்து வந்துச்சு. செவலை அதுக்கு முந்தின நாள்தான் ஒரு முயல எலும்போட முழுங்கியிருந்தான். காலைல எந்திரிச்சு வழக்கம்போல வயித்தக் கேட்டான்.

"இன்னும் இல்ல," ன்னுச்சு வயிறு. "தொடை எலும்பு அப்படியே கெடக்கு. இன்னிக்கு எதுவும் வேண்டாம். வெந்நி குடிச்சிட்டுப் படு."

செவலை படுத்தான். அந்நேரம் பாத்து பந்தல்லருந்து அயிரைமீன் கொழம்பு வாசம் வந்துச்சு. அது பின்னாலயே பால்பாயச வாசம். சொந்தக்காரங்க மாதிரி ரெண்டும் கையக் கோத்துக்கிட்டு வந்து அவன் மூக்குல உக்காந்துச்சு.

எச்சில் எலை மலையாக் குவிஞ்சு கெடந்துச்சு. செவலை போயி நின்னதுமே வயிறு கத்த ஆரம்பிச்சிருச்சு. "ஏலே, இன்னும் இல்லன்னு சொன்னேன்ல. அதுலயும் மீன் மேல பால ஊத்தாத. ரெண்டும் ஒரு அடுப்புல ஆகாது."

விருந்தாளுங்க திரும்பிப் பாத்தாங்க. செவலைக்கு மானம் போச்சு. அப்பத்தான் அவனுக்கு அந்த யோசனை வந்துச்சு. அதுவரைக்கும் எந்த உசுருக்கும் வராத யோசனை. கழனித் தண்ணி ஊத்தி ஈரமாக் கெடந்த தரையில வயித்த அப்படியே அழுத்திப் படுத்துக்கிட்டான். வயிறு கத்துனது மண்ணுக்குள்ள போயிருச்சு. வெளிய ஒண்ணும் கேக்கல.

படுத்தவாக்குல தின்னான். மீனத் தின்னான், அது மேல பாயசத்த நக்கினான், நக்கினதுக்கு மேல வடையத் தின்னான். மெல்லல. மெல்ல நேரமில்ல. கடைசியா சுனைக்குப் போயி பனி மாதிரி சில்லுன்னு இருந்த தண்ணிய மூச்சு முட்டக் குடிச்சான்.

குடிச்சு முடிச்சதும் உள்ள 'புஸ்'ஸுன்னு ஒரு சத்தம். அடுப்புல தண்ணி ஊத்துனா வருமே, அந்தச் சத்தம்.

செவலை சட்டுன்னு குனிஞ்சு கேட்டான். "செரிச்சாச்சா?"

பதில் இல்ல.

"ஏ, கோவமா? ரெண்டு ஏச்சாவது ஏசு."

ஒண்ணுமே இல்ல. பொறந்ததுலருந்து கூடவே பேசிக்கிட்டிருந்த ஒண்ணு. அது நின்னப்பதான் தெரிஞ்சுச்சு, உள்ளுக்குள்ள எவ்வளவு பெரிய இருட்டுன்னு. வயிறு பானையா உப்பிக்கிட்டு வந்துச்சு. வாயில புளிச்ச தண்ணி ஊறுச்சு.

கிடைக்கு ஓடுனான். மாடத்தி அவன் முகத்தப் பாத்துட்டு, ஒண்ணும் கேக்காம உக்காந்து வயித்துல காத வச்சா. ரொம்ப நேரம் வச்சிருந்தா. எந்திரிச்சு முந்தானையால கண்ணத் தொடச்சுக்கிட்டு, "போயிட்டான்,"ன்னா.

ஆடுங்க எல்லாம் மேயுறத நிறுத்திருச்சு.

"ஆத்தா," ன்னான் செவலை, "நான் இங்கதான நிக்கேன்."

"நிக்க. இல்லைங்கல."

"பேசிக்கிட்டுல்லா இருக்கேன்."

"வாய் பேசும்யா. சிலருக்குப் போனப்புறமும் கொஞ்ச நேரம் வாய் ஓடும். ஒனக்கு இருந்த வாய்க்கு ரெண்டு நாள்கூட ஓடும். வயிறுல்லா பேசணும்."

பலவேசம் மம்முட்டி எடுத்தாந்து வேப்பமரத்தடியில வெட்ட ஆரம்பிச்சாரு. வெட்டிக்கிட்டே சொன்னாரு: "மேலக்கிடையில நாயி குட்டி போட்டிருக்காம். நாளைக்கு ஒண்ணு கேட்டுப் பாக்கேன்."

செவலைக்கு அதக் கேட்டுத்தான் நெசமாவே உசுரு போற மாதிரி இருந்துச்சு. தன் குழிய ஒருத்தன் வெட்ட, அத நின்னு பாத்துக்கிட்டிருக்குறது அவனுக்கு மொத மொறை. மண்ணு குவியக் குவிய மாடத்தி அழுதுக்கிட்டே அவன் கழுத்துக் கயித்த அவுத்தா. புதுக்குட்டிக்கு ஆகும்னு.

அப்ப புள்ளிச்சி பக்கத்துல வந்தா. அசை போடுறத நிறுத்தாமலே கேட்டா, "கொழுந்தனாரே, பச்ச வெறகத் திணிச்சு அடுப்பு அணைஞ்சா என்ன செய்வாங்க?"

"ஊதுவாங்க."

"ஊதுனா பொகைதான் வரும். மொதல்ல திணிச்சத உருவணும். அடியில ஒரு கங்கு இருக்கும். அருகம்புல்லத் தின்னு. எல்லாம் வெளிய வந்துரும்."

"புல்லா?"

"புல்லுதான்."

செவலை குழியப் பாத்தான். பலவேசம் இடுப்பளவு எறங்கியிருந்தாரு. அப்புறம் ஆடுங்களப் பாத்தான். அம்புட்டும் அவனத்தான் பாத்துக்கிட்டிருந்துச்சு. அவன் சொன்ன சபதம் ஒரு வார்த்தை விடாம எல்லாருக்கும் மனப்பாடம்.

"மதினி, அதுகள அந்தப் பக்கம் திரும்பச் சொல்லேன்."

"சொல்லுதேன். திரும்புமான்னு தெரியாது."

திரும்பல. செவலை கண்ண மூடிக்கிட்டு அருகம்புல்லக் கடிச்சான். ரெண்டு வாய், மூணு வாய். நாலாவது வாய்க்கு முதுகு வில்லா வளைஞ்சு அம்புட்டையும் கக்கினான். வடை முழுசா வந்துச்சு. முயலோட தொடை எலும்பு கடைசியா வந்துச்சு.

மாடத்தி ஓடி வந்து காத வச்சா. பலவேசம் மம்முட்டிய ஓங்குனவாக்குல நின்னாரு. உள்ள என்னமோ கேட்டுச்சு. வார்த்தை இல்ல. பொகையக் குடிச்சு தொண்ட கெட்டுப்போன மாதிரி, 'கொர்ர்ர்'ருன்னு ஒண்ணு.

"இருக்கான்," ன்னா மாடத்தி. அவுத்த கயித்தத் திரும்பக் கட்டிவிட்டா. சுக்குத் தண்ணி கொடுத்து, தன்னால பசிக்கிற வரைக்கும் அவனப் பட்டினி போட்டா. பலவேசம் குழிய மூடுனாரு. வெட்டுனது வீணாப் போச்சேன்னு கொஞ்சம் வருத்தம்தான்.

பசி வந்ததும் செவலை பயந்து பயந்து குனிஞ்சு கேட்டான். "செரிச்சாச்சா?" மறுபடியும் 'கொர்ர்ர்'தான். அதோட போயிருந்தா பரவால்ல. புள்ளிச்சி தன் வயித்தக் கேட்டா. அதுவும் 'கொர்ர்ர்'. மாடத்தி கேட்டா, பலவேசம் கேட்டாரு. எல்லா வயித்துலயும் அதே சத்தம். அன்னிக்குத் தரையோட அழுத்துனப்ப மண்ணுக்குள்ள போன கத்தல் எல்லா வயித்துக்கும் கேட்டுத்தான இருந்துச்சு. கேக்க மனசில்லாதவங்கிட்ட எதுக்குத் தெளிவாச் சொல்லணும்னு அதுங்க முடிவு பண்ணிருச்சு. வயித்த அமுக்குன நாயி பொழச்சுக்கிச்சு, அமுக்காதவங்க வயிறும் ஊமையாப் போச்சு.

அன்னிக்கிருந்துதான் வயிறு என்ன சொல்லுதுன்னு நமக்கு வெளங்காமப் போச்சு, வைத்தியருக்கும் சோறு கெடச்சுச்சு. அன்னிக்கிருந்துதான் வயிறு சரியில்லாத நாயி புல்லத் தேடிப் போகுது. வாய வைக்கிறதுக்கு முன்னால, ஆடு எதுவும் பாக்குதான்னு ஒரு தடவ நாலு பக்கமும் பாத்துக்கிடும்.