தளவாய் கேட்ட பெரிய பதக்கம்

ஐரோப்பாவில் நெப்போலியன் சண்டை போட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், வேங்கைநாடு கருவாற்றங்கரைப் போரில் ஜெயித்தது. எதிரியிடம் பிடித்த பீரங்கியை உருக்கி, பிடித்த படைக்கே பதக்கம் வார்ப்பது அந்நாட்டு வழக்கம்.

பீரங்கி பிடித்த படையில் முரசடிக்கும் சடையன் மார்பில் பதக்கம் மின்னியதைப் பார்த்ததிலிருந்து இன்னொரு படைக்குத் தளவாயான வீரபாகுவுக்கு வயிறு எரிந்தது, சோறு இறங்கவில்லை. நேரே பதக்கம் வார்க்கும் அங்கப்பனின் பட்டறைக்குப் போனார். அங்கேயும் சடையன்தான் நின்றிருந்தான், தோளில் முரசோடு, மார்பில் அந்தப் பாழாய்ப்போன பதக்கத்தோடு.

"தோல்தட்டிப் பயலுக்கே இவ்வளவு பெரிசா? எனக்கு நாலு மடங்கு வேணும். பொழுது சாயறதுக்குள்ள வார்க்கலைன்னா உன் கையை வெட்டிடுவேன்!"

அங்கப்பன் கும்பிட்டான்.

"வார்த்துடலாம் எஜமான். ஆனா உங்க படை பிடிச்ச பீரங்கி ஒண்ணும் இங்க வரலையே. நீங்க ஆத்தங்கரையில விட்டுட்டு ஓடி வந்த நம்ம பீரங்கி மூணும் எதிரி ராஜாகிட்ட இருக்குதாம். அவரும் பதக்கம்தான் வார்க்கிறாராம். ஒரு ஓலை எழுதிக் கேளுங்க. அவ்வளவு உதவி பண்ணின உங்களுக்கு இல்லேன்னா சொல்லுவாரு?"

சடையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, படை பின்வாங்குவதற்கு அடிக்கும் அடியை முரசில் மெல்லத் தட்டினான். தளவாயின் கால்கள் தாமாகவே வாசலைப் பார்த்து நடந்தன. பழகின கால்களாயிற்றே!