ஓடை துருவேறிய கதை

விலங்குகளும் மனிதர்களும் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில், மேகம் இறங்கி நிற்கும் ஒரு மலையடிவாரத்தில் மருதி என்றொருத்தி இருந்தாள். புருஷன் இறந்துபோனான். நெஞ்சுச்சளியோடு கிடந்த மகளுக்குக் குளிர் காய நெருப்பு வேண்டுமென்று தினமும் காடேறி விறகு வெட்டினாள். மழையில் நனைந்த விறகு புகைந்ததே தவிர எரியவில்லை. புகையில் பிள்ளை இன்னும் இருமியது.

ஓடைக்கரையில் வளை தோண்டிக் குடியிருந்த நீர்நாய்க்கு அவளைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"அக்கா, என் வளைக்குப் பின்னால் மலைக்குள்ளே கறுப்புக் கல் கிடக்கிறது. நன்றாக எரியும், எடுத்துக்கொள். ஆனால் அதற்குள்ளே பொன் மாதிரி மினுங்குகிற கல்லும் இருக்கும். இரும்பும் கந்தகமும் கூடிப் பிறந்தது. காற்றும் தண்ணீரும் சேர்ந்து படாதவரை தூங்கும்; விழித்தால் ஓடைத் தண்ணீரே விஷமாகிவிடும். அதை மட்டும் பொறுக்கி, கல் வெட்டியெடுத்த குழியிலேயே போட்டுக் களிமண்ணால் மூடிவிடு."

"உன் குடி கெட விடுவேனா, தாயி!" என்றாள் மருதி.

கறுப்புக் கல் கனன்றது. மகள் எழுந்து உட்கார்ந்தாள். விஷயம் பரவி, ஊரே கரி வெட்ட வந்தது. மினுங்கும் கல்லைப் பொறுக்கிக் கூடையில் சுமந்து, மேடேறிக் குழியில் போட்டு மூடுகிற வேலைக்கு மட்டும் ஒருவரும் வரவில்லை. "எரியாத கல்லை ஏன் சுமக்கிறாய்?" என்று சிரித்தார்கள். ஊரார் வெட்டியதற்கும் சேர்த்து அவளே சுமந்தாள். இடுப்பு ஒடிந்தது.

ஒருநாள் சாயங்காலம் மழையில் மினுங்கும் கல் கூடையோடு ஓடைக்கரையில் உட்கார்ந்துவிட்டாள். மேட்டை நிமிர்ந்து பார்த்தாள். 'நாளைக்கு அள்ளிக்கொள்ளலாம்' என்று கூடையை அங்கேயே கவிழ்த்தாள்.

மறுநாள் காய்ச்சலில் எழ முடியவில்லை. "மருதியே இங்கேதானே கொட்டியிருக்கிறாள்" என்று ஊராரும் ஆளுக்கொரு கூடை கொட்டினார்கள்.

அவள் எழுந்து வந்தபோது தண்ணீர் துருப்பிடித்த நிறத்தில் ஓடியது. கையில் அள்ளி வாயில் வைத்தாள்; புளித்தது, நாக்கு எரிந்தது. மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. நீர்நாய் பாறைமேல் குட்டிகளோடு நின்றது.

"அசதியாக இருந்ததா, அக்கா?"

"ஆமாம்" என்றாள் மருதி.

"எனக்கும் அசதியாகத்தான் இருக்கிறது. இதுகளைக் கவ்விக்கொண்டு எவ்வளவு தூரம் போகவேண்டுமோ."

அது போன பிறகு மருதி அந்தக் குவியலைக் கிளறி அள்ளினாள். கிளறக் கிளறத் தண்ணீர் இன்னும் சிவந்தது. சுண்ணாம்புக்கல் சுமந்து வந்து கொட்டினாள், கொஞ்சம் தெளிந்தது. அடுத்த மழைக்கு மறுபடி சிவந்தது. மறுபடி சுமந்தாள். அவளுக்குப் பின் மகள் சுமந்தாள்.

அன்று பிடித்த துருதான், கரி தோண்டிப்போட்ட மலைகளின் ஓடைகளில் இன்றும் வடிகிறது. மனித வாடை பட்டதும் நீர்நாய் குட்டிகளைக் கவ்விக்கொண்டு வேறு தண்ணீர் தேடிப் போவதும் அன்று முதல்தான்.